அரைச் சொட்டு எண்ணெய்

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சேரும், அதுவும் ஆய்வுக்கு முந்தின நாளாகப் பார்த்துச் சேரும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் எங்கள் தின்பண்டத் தொழிற்சாலை இருக்கிறது. வாழைக்காய் சிப்ஸ், மிக்சர், பாக்கெட்டில் அடைத்த மீன் வறுவல். எண்ணெய்ச் சட்டியையும் தட்டையும் தரையையும் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் பின்பக்கம் என்னிடம் வந்து சேரும். அங்கே எனக்கு நான்கு தொட்டிகள். முதல் தொட்டியில் எண்ணெய் தானாக மேலே மிதக்கும், வழித்தெடுப்போம். வழித்தும் வராத எண்ணெய்க்கு இரண்டாவது தொட்டியில் படிகாரம் கரைத்து ஊற்றுவோம். அது திரிதிரியாகத் திரளும். மூன்றாவதில் அடியிலிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி விட்டால், அந்தத் திரியை மேலே தூக்கிக்கொண்டு வரும். நான்காவதில் நிற்பது நல்ல தண்ணீர், கடலுக்குப் போகலாம். எழுதினால் ஐந்தாறு வரி. செய்ய ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டு, முழங்கை வரை கையை விட்டுத் துழாவியபடியே, "யார் இதுல குழம்பைக் கொட்டினது?" என்று வீடு அதிரக் கத்திய அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் என் ஆள். நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

சிப்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம்

மாதம் ஒருமுறை நான்காவது தொட்டித் தண்ணீரை இரண்டு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மெயின்லேண்டில் உள்ள ஒரு லேப்புக்குக் கப்பலில் அனுப்புவோம். ஒரு லிட்டரில் அரைச் சொட்டு எண்ணெய் இருந்தால்கூட ஃபெயில். பல வருஷமாகத் தேறிக்கொண்டுதான் இருந்தோம். இந்த வருஷம் என்ன ஆனதோ, அடுத்தடுத்து இரண்டு மாதம் ஃபெயில். மூன்றாவது மாதம் அதிகாரி முன்னிலையில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், குறித்த கெடுவுக்குள் அதுவும் தேறாவிட்டால் பொரிக்கும் பிரிவை மூட வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது.

பொரிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு பேர். அவர்களுக்கு மேற்பார்வை மரகதம் அக்கா. ராமநாதபுரத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் போன பிறகு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றே மகளைக் காலேஜ் வரை கொண்டுவந்தார். "சட்டியை மூடினா நான் அண்ணன் வீட்டுக்குத்தான் கப்பலேறணும் தம்பி. அங்க எனக்கு ஏது இடம்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். தொட்டி என் தொட்டி; தவறு எங்கே இருந்தாலும் அது என் தவறு.

முதலாளி மூன்று தலைமுறையாகத் தீவுக்காரர். தமிழில் ஆரம்பிப்பார், கோபம் வந்தால் ஹிந்தியில் முடிப்பார். அன்று மேசையில் ஒரு பக்கம் சிப்ஸ் தட்டு, இன்னொரு பக்கம் கடிதம். ஒரு சிப்ஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதுல எண்ணெய் ஜாஸ்தின்னு இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமர் சொன்னதில்லை. நம்ம சாக்கடையில ஜாஸ்தியாம். இதெல்லாம் ஒரு பேச்சா? யே கோயி பாத் ஹை, செல்வம்?"

கொதிக்கிற தண்ணீர்

மறுநாள் காலையில் முதல் தொட்டியை எட்டிப் பார்த்தேன். எண்ணெயே மிதக்கவில்லை. ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த விநாடி தெரிந்தது, தொட்டி முழுக்கப் பாலாக வெளுத்துக் கிடக்கிறது. உள்ளே ஓடினேன். பொரிக்கும் பிரிவே நுரையில் மிதந்துகொண்டிருந்தது. அழுக்கு இருப்பதால்தான் ஃபெயில் என்று யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மூன்று மடங்கு சோப்பும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீருமாக, கூரைக்குக் கீழே இருக்கிற எதையும் விடவில்லை.

இது வீட்டிலும் நடக்கிற கதைதான். வெந்நீரும் சோப்பும் எண்ணெயை ஒழிப்பதில்லை. பொடித்துத் தண்ணீருக்குள்ளேயே ஒளித்து வைக்கின்றன. பிறகு வெளியே வா என்றால் வராது. ஒளித்தது நீங்கள், தேடுவது நான். முதலில் சட்டியை வழியுங்கள், தாளால் துடையுங்கள், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சமாகச் சோப்புப் போடுங்கள் என்று அக்காவுக்குப் பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் எடுத்தேன். அக்கா நுரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அழுக்கா இருந்தா அவங்க திட்டுறாங்க, சுத்தமா இருந்தா நீ திட்டுற. எந்த அளவு அழுக்கா இருக்கணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு தம்பி, ஒட்டி வெச்சுக்கிறேன்" என்றார்.

சலூன் சலூனாக

அந்தப் பாலை முறிக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு படிகாரம் வேண்டியிருந்தது. படிகார மூட்டை மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கடல் சரியில்லை என்று கப்பல் அங்கேயே நின்றுவிட்டது. இந்தத் தீவில் கப்பல் வரவில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வெங்காயம் இல்லையா, கப்பல் வரவில்லை. சிமெண்ட் இல்லையா, கப்பல் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை கல்யாணத்துக்குப் பிறகு வந்ததா, கப்பல் லேட். என் தொட்டிக்கு மட்டும் இந்தச் சமாதானம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு அபர்தீன் பஜாருக்குப் போனேன். மளிகைக் கடைகளில் இருந்த சின்னச் சின்னப் பொட்டலங்களை எல்லாம் வாங்கியும் பை பாதிதான் நிறைந்தது. அப்போதுதான் சலூன் ஞாபகம் வந்தது. சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கிற அந்தக் கட்டி படிகாரம்தானே? வரிசையாக ஏறி இறங்கினேன். சிலர் கையிருப்பில் ஒன்றிரண்டு கட்டி கொடுத்தார்கள், சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். கடைசி சலூன்காரர் மதுரைக்காரர். அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெட்டியையே எடுத்து மேசையில் வைத்தார். எங்கே வேலை என்று விசாரித்தார், சொன்னேன். பெட்டியை என்னிடம் தள்ளாமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்கண்ணே, ஒரே ஒரு சந்தேகம். உங்க ஃபேக்டரியில சிப்ஸ் சீவுற கட்டையிலதான் எல்லாருக்கும் ஷேவிங்கா?" என்று கேட்டார்.

அப்பாராவின் டுங்கி

சலூன் படிகாரம் வேலை செய்தது. தொட்டி தெளிந்தது. ஆனால் வழித்தெடுத்த எண்ணெய்க் கசடு இரண்டு டிரம் நிறைந்துவிட்டது. வழக்கமாக அதை எடுத்துப்போகிற வண்டி ரங்கத் ஊரில் ரிப்பேராகி நின்றுகொண்டிருந்தது. டிரம்மைப் பார்த்துப் பார்த்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அப்பாராவ் வந்தார். பக்கத்துக் கரையில் டுங்கி வைத்து மீன் பிடிக்கிற தெலுங்குக்காரர். டுங்கி என்றால் எங்கள் ஊர் சின்னப் படகு. கரையில் கட்டைகளை அடுக்கி அதன் மேல் டுங்கியை இழுப்பதற்கு வழுவழுப்பாக ஏதாவது வேண்டும், ஒரு டின் கொடுங்கள் என்றார். கட்டைக்குத்தானே என்று கொடுத்துவிட்டேன். பதினோரு வருஷ அனுபவசாலி செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிறகு கேட்டுக்கொண்டேன்.

டின் கொடுத்த நான்காம் நாள் காலை. அதிகாரி எந்த நாளும் வரலாம் என்று தகவல் வந்திருந்த வாரம். எங்கள் குழாய் கடலில் விழுகிற இடத்தில், தண்ணீர் மேல் ஏழு வண்ணத்தில் எண்ணெய்ப் படலம். ஓடிப்போய் வால்வை மூடினேன். படலம் நிற்கவில்லை. தொட்டி தொட்டியாகப் பார்த்தேன், எல்லாம் தெளிவு. முதலாளி பனியனோடு கரைக்கே வந்துவிட்டார். முப்பத்திரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரம் நின்று பார்த்தார்கள்.

அந்த நேரம் அப்பாராவின் டுங்கி கரைக்கு வந்தது. அது வந்த வழி நெடுக அதே ஏழு வண்ணம். கட்டைக்குப் போட்டது நன்றாக வழுக்கியதால் மனிதர் டுங்கியின் அடிப்பக்கம் முழுக்கப் பூசிவிட்டார். வேகமாகப் போகிறதாம். அன்று மதியம் வரை நானும் அவரும் மரத்தூளும் கந்தலுமாக டுங்கியைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்தோம். நடுநடுவே நான் அவரைத் திட்டினேன், அவர் சிரித்தார். கடைசியில் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "ஏன் பாய் டென்ஷன்? உங்க வீட்டு எண்ணெய். வழி தெரிஞ்சு உங்க வீட்டு வாசலுக்கே திரும்பி வந்திருக்கு. நல்லதுதானே, அச்சா ஹை நா?"

குடிதண்ணீரிலும் எண்ணெய்

சோப்பைக் குறைத்தாயிற்று, படிகாரம் போட்டாயிற்று, டுங்கியையும் தேய்த்தாயிற்று. நான்காவது தொட்டித் தண்ணீரை டம்ளரில் பிடித்துப் பார்த்தால் அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம். ஆனாலும் மனசு ஆறவில்லை. போன இரண்டு மாதமும் இப்படித் தெளிவாகத்தானே இருந்தது? அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது?

மாதிரி பிடிக்கிற பாட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்க, ஸ்டோரிலிருந்து வந்த ஒரு பாட்டிலில் குடிதண்ணீர் நிரப்பி, தகர மூடியை இறுக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒழுகவில்லை. நிமிர்த்தி மூடியைத் திறந்தேன். தண்ணீர் மேல் வளையமாக ஒரு மினுமினுப்பு. குடிதண்ணீரில் எண்ணெய். ஊருக்கே தண்ணீர் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வீட்டில் இருக்கிற என் மனைவிக்குப் போன் போட்டு, தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவள், "நேத்துச் சமையல்ல எண்ணெய் கம்மின்னு சொன்னீங்களே" என்று வைத்துவிட்டாள். பிறகுதான் மூடியைத் தடவிப் பார்க்கத் தோன்றியது. திருகு மரை முழுக்க வழவழ.

ஸ்டோருக்குப் போனேன். அங்கே பிஸ்வாஸ் தாதா. ரங்கத் பக்கம் குடியேறிய பெங்காலிக் குடும்பத்து ஆள்; அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். நெடுங்காலம் தொட்டியில் என்னோடு வேலை பார்த்தவர். முழங்கால் வலி என்று மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஸ்டோருக்கு மாறினார். ஸ்டூலில் உட்கார்ந்து, பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, ஒவ்வொரு பாட்டில் மூடியின் மரையிலும் அக்கறையாகத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தைக்குத் தலை வாருகிற பொறுமை.

அவரை என்னால் திட்ட முடியவில்லை. உப்புக் காற்று இங்கே எதையும் விடாது. தாழ்ப்பாள், பூட்டு, சைக்கிள் செயின், டிஃபன் கேரியர் கொக்கி, எதற்கும் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்காவிட்டால் அடுத்த மாதம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். என் வீட்டு ஜன்னல் கொக்கிக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே போடுகிறேன். லிட்டருக்கு அரைச் சொட்டு என்ற கணக்கில், அவர் தடவிய எண்ணெயிலேயே நாங்கள் இரண்டு முறை ஃபெயில் ஆகியிருக்கிறோம். விஷயத்தைச் சொன்னதும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு நியாயமாகத்தான் கேட்டார்: "தண்ணியில எண்ணெய் கூடாதுன்னு சொன்னாங்க, சரி. மூடியில கூடாதுன்னு யார் சொன்னா? கிஸ்னே போலா, செல்வம் பாய்?"

பத்தடி தள்ளி

பாட்டிலையும் மூடியையும் எண்ணெய் போகிற திரவத்தில் மூன்று தடவை கழுவினேன். அதிகாரி வந்த அன்று, தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் எல்லாம் பத்தடி தள்ளி நிற்கவேண்டும் என்று உத்தரவு போட்டேன். தீவில் தலைக்கு எண்ணெய் வைக்காதவர் யார்? முப்பத்திரண்டு பேரும் பத்தடி தள்ளி நின்றார்கள். முதலாளி தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அவரும் போய் வரிசையில் நின்றுகொண்டார். அதிகாரி சின்ன வயசுப் பெண். நான் அறுவைச் சிகிச்சை செய்யப் போகிற டாக்டர் மாதிரி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததைக் கண்கொட்டாமல் பார்த்தார். இரண்டு பாட்டில் பிடித்து, கெட்டுப்போகாமல் இருக்கச் சில சொட்டு அமிலம் விட்டு, மூடியை இறுக்கினேன். சீல் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "பாட்டிலை இவ்வளவு கழுவுறவங்க போன மாசமும் கழுவியிருந்தா, நான் இந்த வெயில்ல வந்திருக்கவே வேண்டாமே சார்."

மெயின்லேண்டிலிருந்து வீடியோ கால்

கடல் அடங்கி, கப்பல் ஓட ஆரம்பித்து, பாட்டில்கள் கிளம்பிப் பதினைந்து நாள் கழித்து ஒரு மதியம் லேப்பிலிருந்து போன். காயத்ரி என்று ஒரு பெண். "சார், உங்க பாட்டில் மூடி துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. ஒண்ணைத் திருகும்போது கழுத்தோட உடைஞ்சு எல்லாம் கொட்டிருச்சு. இன்னொண்ணும் திறக்க மாட்டேங்குது. சாம்பிள் போயிருச்சுன்னு எழுதிரட்டுமா?"

வெளியே உப்புக் காற்று, உள்ளே நான் விட்ட அமிலம், நடுவில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லாத தகர மூடி. துரு பிடிக்காமல் என்ன செய்யும்? இதற்கு முன் பாட்டில்கள் இத்தனை நாள் கப்பலுக்காகக் காத்துக் கிடந்ததும் இல்லை. கடிதத்தில் கொடுத்த கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. புதிதாகப் பிடித்து அனுப்பினால் கப்பல் போய்ச் சேர்வதற்குள் கெடு தாண்டிவிடும். "எழுதாதீங்கம்மா, வீடியோ கால்ல வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொரிக்கும் பிரிவுக்கு ஓடினேன்.

போனை மிக்சர் டின் மேல் சாய்த்து வைத்தேன். திரையில் காயத்ரி, கையில் எங்கள் கடைசி பாட்டில். பின்னால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். துருப்பிடித்த மூடி திறப்பதில் எங்கள் தீவுக்கு இணையாக எந்த ஊரும் இல்லை. ஒரே நேரத்தில் நான்கு பாஷையில் யோசனை வந்தது. பிஸ்வாஸ் தாதா நொண்டிக்கொண்டே வந்து கூட்டத்தை விலக்கினார். "மூடி மேல மட்டும் சுடுதண்ணித் துணி, பேட்டீ, மகளே. பாட்டில் மேல பட்டா டூட் ஜாயேகா, உடையும்." முதலாளி தலையை நீட்டி, "மூடி ஓரத்துல கரண்டியால சுத்திச் சுத்தித் தட்டுங்கம்மா. மெதுவா, மெதுவா" என்றார். மரகதம் அக்கா, "ரப்பர் கையுறை போட்டுப் பிடி கண்ணு. மூடியைத் திருகாத, மூடியைப் பிடிச்சுக்கிட்டு பாட்டிலைத் திருகு" என்றார். காயத்ரி துணி போட்டாள், தட்டினாள், திருகினாள். அசையவில்லை. தாதாவுக்குப் பொறுக்கவில்லை. "தோடா நாரியல் தேல்..." என்று ஆரம்பித்தார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் என்று அர்த்தம். வாக்கியம் முடிவதற்குள் அக்கா கடலை மாவுக் கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

மறுபடி துணி, மறுபடி கரண்டி. கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. காயத்ரி மூடியைத் தனியாகத் தூக்கிக் காட்டினாள். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. எண்ணெய், அனுமதித்த அளவுக்கு வெகுகீழே. பொரிக்கும் பிரிவு ஓடலாம் என்று அடுத்த வாரமே உத்தரவும் வந்தது. அக்கா கப்பலேற வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மாதிரி பாட்டில் மூடிகள் துருவேறி இறுகியிருந்தன, இனி எளிதில் திறக்கும்படி அனுப்பவும். பிளாஸ்டிக் மூடிக்கு ஆர்டர் போட்டுவிட்டோம், கப்பல்தான் வர வேண்டும். பிஸ்வாஸ் தாதா அந்தக் குறிப்பை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எழுத்துலயே குடுத்துட்டாங்க, செல்வம் பாய். இப்ப போடலாமா?" என்றார்.

ஆக, தண்ணீரிலிருந்து எண்ணெயை எடுக்க நான்கு தொட்டி போதும், எங்கள் தீவுக்காரர் கையிலிருந்து எடுக்க எத்தனை தொட்டி வேண்டும் என்பதை மட்டும் பதினோரு வருஷமாகியும் என்னால் சொல்ல முடியவில்லை.